உள்ளே வந்தவர்கள் 5,671

மார்ச் 11

மதிப்பிற்குரிய புள்ளிவிவர அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள். நான் நலமில்லை. பதினான்கு மாதமாகக் கடிதம் போடாதவன் இப்போது ஏன் போடுகிறான் என்று தாங்கள் யோசிக்கலாம். சொல்கிறேன்.

என் ஜாமீன் மனு மூன்றாவது தடவையாகத் தள்ளுபடி ஆகிவிட்டது. முதல் இரண்டு தடவையும் ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள். இந்தத் தடவை நீதிபதி அக்கறையாக ஒரு பத்தியே எழுதியிருக்கிறார். அதை அப்படியே தருகிறேன்: "அரசின் ஆண்டு நூலில் உள்ள பதினோராம் அட்டவணையின்படி, சிறைக்கு வருவோர் எண்ணிக்கை ஒரே ஆண்டில் முப்பத்தெட்டு விழுக்காடு உயர்ந்துள்ளது. குற்றங்கள் பெருகிவரும் இச்சூழலில் மனுதாரரை வெளியே விடுவது பொருத்தமன்று."

வக்கீல் இதைப் படித்துக்காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பாவம், எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பதினோராம் அட்டவணையைத் தொகுக்கும் கை எந்தக் கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? "இந்தப் பதினொண்ணு என் உயிரை எடுக்குது"ன்னு வருடா வருடம் சாப்பிட உட்காரும்போது புலம்புவது யார்? அப்போதெல்லாம் நான் தட்டில்தான் கவனமாக இருப்பேன். இப்போது அதே பதினொன்று என் உயிரை எடுக்க வந்திருக்கிறது.

போன வருடம் ஜனவரியில் நீதிமன்ற வராந்தாவில் என்னைப் பார்த்ததும் தாங்கள் கேட்ட முதல் கேள்வி, "எடுத்தியா?" என்பது. சாப்பிட்டாயா, அடித்தார்களா என்று கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. சரி, கேள்வி கேட்டது போதாதென்று தீர்ப்புக்குக் கணக்கும் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி.

இப்படிக்கு,
முப்பத்தெட்டு விழுக்காட்டில் ஒருவன்

மார்ச் 19

சுருட்டைக்கு,

"தாங்கள்", "அவர்கள்" எல்லாம் என்னிடம் வேண்டாம். கோபம் என்றால் நேராகத் திட்டிவிடு. உனக்கு மூன்று வயதானதிலிருந்து நீ திட்டித்தான் நான் பழகியிருக்கிறேன்.

நான் யாருடைய ஜாமீனையும் மறுக்கவில்லை. சிறைகளிலிருந்து மாதாமாதம் படிவம் வரும். அதைக் கூட்டுவேன், சரிபார்ப்பேன், அட்டவணையாக்குவேன். அந்த நெடுவரிசையின் தலைப்பு "ஆண்டில் உள்ளே வந்தவர்கள்". அது குற்றங்களின் எண்ணிக்கை இல்லை. குற்றப் புகார்கள் ஒன்பதாம் அட்டவணையில் இருக்கின்றன. அவை ஒன்பது விழுக்காடு குறைந்திருக்கின்றன! உன் நீதிபதி இரண்டு பக்கம் முன்னால் புரட்டியிருந்தால் பார்த்திருப்பார்.

பத்திரிகைகளும் அப்படித்தான். ஒன்று, சிறைக்கு வருகிறவர்கள் கூடியதால் குற்றம் பெருகிவிட்டது என்று எழுதியது. இன்னொன்று, ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டதால்தான் புகார் குறைந்தது, இன்னும் பிடியுங்கள் என்று எழுதியது. இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுத்தேன். எங்கள் இயக்குநர் இரண்டையும் வெட்டிப் பலகையில் ஒட்டிவைத்து, "நம்ம புத்தகத்தைப் படிக்கிறாங்கய்யா"ன்னு பூரித்துப்போனார்.

உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கே ஒன்றும் புரியவில்லை. புகார் குறைந்திருக்கிறது. உள்ளே வந்தவர்கள் 9,412லிருந்து 12,961 ஆகிவிட்டார்கள். ஆனால் ஆண்டின் கடைசி நாளில் தலையெண்ணிப் பார்த்தால், உள்ளே இருப்பவர்கள் போன வருடம் இருந்த அளவேதான். மூவாயிரத்து ஐந்நூறு பேர் கூடுதலாக வந்தார்கள் என்றால் அவர்கள் எங்கே போனார்கள்? வந்த வேகத்தில் விட்டுவிட்டார்களா? அப்படியென்றால் உன்னை மட்டும் ஏன் விடவில்லை? யோசித்து யோசித்துத் தலை சுற்றுகிறது.

இதில் இன்னொன்று. திருட்டு வழக்குகளில் ஜாமீனே தரக்கூடாது என்று சட்டம் மாற்றலாமா என்று பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஜூன் 3 கூடுகிறது. அவர்கள் மேசையிலும் பதினோராம் அட்டவணைதான் இருக்கும். சட்டம் மாறிவிட்டால் உன் வழக்கு முடியும்வரை உனக்கு வெளியே வர வழியே இல்லை. நீ உள்ளேதானே இருக்கிறாய், பார்த்துச் சொல். அங்கே கூட்டம் அதிகமாகிவிட்டதா?

வராந்தாவில் நான் கேட்டது தப்பாக இருக்கலாம். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

அக்கா

மார்ச் 28

அக்கா,

உன் கடிதத்தில் மூன்று வரி கறுப்பு மையால் அடிபட்டு வந்தது. இங்கே கடிதங்களைப் படித்து அனுப்பும் ஐயாவுக்கு எண்களைக் கண்டால் சந்தேகம். ரகசியக் குறியீடு என்று நினைக்கிறார். ஐயா, இவள் என் அக்கா, இவள் பேச்சே இப்படித்தான், அடிக்காதீர்கள். (இந்த வரி உன்னிடம் வந்து சேர்ந்தால் அவர் நல்லவர் என்று வைத்துக்கொள்.)

கூட்டமா? இல்லவே இல்லை. எங்கள் பிளாக்கில் அறுபத்து நான்கு படுக்கை. நான் வந்த நாளிலிருந்து ஐந்தாறு காலியாகத்தான் கிடக்கிறது. மொத்தச் சிறைக்கும் எழுநூறு பேர், சில நாள் கொஞ்சம் முன்னே பின்னே. சாப்பாட்டு வரிசையின் நீளம் மாறவில்லை. குளிக்கிற இடத்தில் சண்டையின் அளவும் மாறவில்லை. புகார் குறைந்தும் திருடர்கள் கூடியிருக்கிறார்கள் என்றால், நாங்கள் எல்லோரும் வேலைசெய்யாத திருடர்கள் என்று அர்த்தமா? எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது.

நான் சொல்வதை நம்பலாம், ஏனென்றால் உள்ளே வருகிற தலைகளை எழுதுகிறவனே நான்தான். உனக்குச் சொல்லவில்லையே, போன வருடம் பிப்ரவரியிலிருந்து நான் கேட் ரைட்டர். எனக்கு முன்னால் ஒரு வாத்தியார் அந்த வேலையில் இருந்தார். விடுதலை உத்தரவு வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். எங்கே மறுபடி மாற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்தான். எனக்கு வேலை சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவர் கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். அதையும் கொண்டுபோய்விட்டார் போலிருக்கிறது.

ஆனாலும் நான் நன்றாகத்தான் செய்கிறேன். பெரிய பதிவேடு, சிவப்பு முதுகு. வெளி கேட்டைத் தாண்டி யார் உள்ளே வந்தாலும் ஒரு வரி: தேதி, நேரம், எண், பெயர். வண்டி எத்தனை மணிக்கு வந்தாலும் ஒரு ஆளை விடமாட்டேன். மாதக் கடைசியில் கூட்டி உங்கள் துறைப் படிவத்தை நிரப்புவதும் நானே. "இவ்வளவு சுத்தமான பதிவேட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை"ன்னு சூப்பரிண்டெண்ட் சொன்னார். எல்லாம் நீ கற்றுக்கொடுத்தது. இந்த மேசையும் நாற்காலியும் இல்லையென்றால் எனக்கு இங்கே பைத்தியம் பிடித்திருக்கும்.

மற்றபடி, சுருட்டை என்று கூப்பிடாதே. இங்கே ஒட்ட வெட்டிவிட்டார்கள். நீ வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏன் வரவில்லை?

தம்பி

ஏப்ரல் 6

சுருட்டை,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் கேட்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்.

வாய்தாவுக்காக நீதிமன்றத்துக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவருகிறார்களே, அவர்களையும் அந்தச் சிவப்பு முதுகுப் பதிவேட்டில் எழுதினாயா?

எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன். நீ ஏழாவது படிக்கும்போது என் கல்லூரி வேலைக்காகப் பாலத்தடியில் உன்னை உட்காரவைத்துப் பஸ் எண்ணச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலம் வந்து பார்த்தால் வெறும் பதினொரு பஸ் எழுதியிருந்தாய். "அதே பஸ்ஸுதான்க்கா திரும்பத் திரும்ப வருது, ஏற்கெனவே எழுதிட்டேன்"னு சொன்னாய். நான் கத்தினேன். "அதே பஸ்ஸா வேற பஸ்ஸான்னு முடிவு பண்ண நீ யாரு? கடந்தா ஒரு கோடு. திரும்ப வந்தா திரும்ப ஒரு கோடு!" நீ அழுதாய். ஒரு நாள் வேலை வீணாகிவிட்டதே என்று நானும் அழுதேன்.

அது பஸ். அங்கே எத்தனை தடவை கடந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். இங்கே எத்தனை ஆள் என்பதுதான் கேள்வி. புதிதாக உள்ளே வந்தவனை மட்டும்தான் அந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும். வாய்தாவுக்குப் போய்வருகிறவர்களை வாத்தியார் அந்தச் சின்ன நோட்டில் தனியாகக் குறித்திருப்பார்.

போன வருடத்துப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார். முதலில் உன் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று பார். யாரிடமும் எதுவும் சொல்லாதே. கடிதம் படிக்கும் ஐயாவிடம் நானே கேட்டுக்கொள்கிறேன்: ஐயா, தயவுசெய்து.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். உன்னைப் பார்க்க வந்தால் வருகைப் பதிவேட்டில் என் பெயர், வேலை, உறவு மூன்றையும் எழுதுவார்கள். அந்தச் சிறையிலிருந்து எங்கள் துறைக்குத் தினமும் தபால் வருகிறது, போன் வருகிறது. அலுவலகத்தில் யாருக்கும் உன்னைப் பற்றித் தெரியாது. இதை எழுதவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 17

அக்கா,

எழுதினேன். எல்லோரையும் எழுதினேன்.

நான்கு மத்தியானம் உட்கார்ந்து எண்ணினேன். போன வருடம் மொத்தம் 5,671 வரி. அதில் புதிதாக வந்தவர்கள் 1,987 பேர். மீதி 3,684 வரியும் போய்விட்டுத் திரும்பி வந்த பழைய ஆட்கள். என் பெயர் பத்தொன்பது தடவை இருக்கிறது. ஜனவரியில் முதல் தடவை வந்தபோது வாத்தியார் எழுதியது ஒன்று. மீதிப் பதினெட்டும் என் கையாலேயே என்னை எழுதியது. வண்டியிலிருந்து இறங்கி, நேராக மேசைக்குப் போய், பேனாவை எடுத்து, என் பெயரை நானே எழுதிவிட்டுப் போய்ப் படுப்பேன். ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

ஆக, ஒரே ஆளாக இருந்துகொண்டு நான் பத்தொன்பது திருடர்கள். அந்தப் பத்தொன்பது பேரும் சேர்ந்து குற்றத்தைப் பெருக்கி, இருபதாவதாக எனக்கே ஜாமீன் கிடைக்காமல் பண்ணிவிட்டார்கள். இதை வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா? சிரிக்கிறதா, சுவரில் முட்டிக்கொள்கிறதா என்று தெரியவில்லை.

இன்னொரு குழப்பமும் வந்தது. என்னுடைய பதினெட்டு வாய்தாவில் பதினோரு தடவை ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு நாள் நீதிபதி லீவு, ஒரு நாள் கோப்பு வரவில்லை, ஒரு நாள் எல்லாம் வந்தும் கரண்ட் இல்லை. வண்டியில் போனேன், பெஞ்சில் உட்கார்ந்தேன், வந்தேன். அந்தப் பதினோரு வரியும் தப்பு என்கிறாய். ஆனால் நான் போய்வந்தது நிஜம்தானே?

இப்போது என்ன செய்வது? அடித்துவிடவா? அடித்தால் பதிவேட்டைத் திருத்தினேன் என்று தனி வழக்கு வரும். சொன்னால் கேட் வேலை போகும். சொல்லாமல் இருந்தால் ஜூன் 3 வந்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை, அக்கா. எங்கள் ஒரு சிறையில் மட்டும் முந்தைய வருடம் 2,104ஆக இருந்தது 5,671 ஆகியிருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் இட்டிலி ஒன்று குறைந்தாலே கண்டுபிடிக்கிற ஆள் நீ. உன் கண்ணுக்கு எப்படித் தப்பியது?

தம்பி

ஏப்ரல் 26

தம்பி,

தப்பவில்லை. பார்த்தேன்.

போன வருடம் மார்ச் மாதமே பார்த்தேன். ஒரு சிறையின் எண் திடீரென்று இப்படி ஏறினால் அந்தச் சிறைக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்ப வேண்டும். "தங்கள் படிவத்தில் உள்ள எண்ணைச் சரிபார்த்துத் தெரிவிக்கவும்." இரண்டே வரி. கீழே என் பெயரும் கையெழுத்தும் இருக்கும். இருபது வருடமாக நான் அனுப்பாத மாதமே இல்லை. அந்தச் சிறைக்கு மட்டும் போன வருடம் ஒரு தடவைகூட அனுப்பவில்லை.

ஏனென்றால், அந்தப் படிவம் உன் கையெழுத்தில் இருந்தது.

நீ ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவாயே, அதைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மாதம் ஐந்தாம் தேதி அந்தப் படிவம் என் மேசைக்கு வரும். நீ உயிரோடு இருக்கிறாய், கை நன்றாக இருக்கிறது, யாரோ உனக்கு மேசையும் நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆகஸ்டில் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது, உனக்குக் காய்ச்சலோ என்று இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற சிறைகளின் படிவத்தில் எண்களைப் பார்ப்பேன். உன்னுடையதில் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கக் கடிதம் அனுப்பினால் அதில் என் பெயரைப் பார்ப்பாய், யாரிடமாவது "எங்க அக்கா"ன்னு சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். என் தம்பி தப்பாக எழுதமாட்டான் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். வராந்தாவில் உன்னைச் சந்தேகப்பட்டேன், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

நேற்று இயக்குநரிடம் போய், பதினோராம் அட்டவணையில் பிழை இருக்கிறது என்று சொன்னேன். நீ சொன்ன 3,684ஐக் கழித்தால் உண்மையான எண் 9,277. அதாவது முப்பத்தெட்டு விழுக்காடு கூடவே இல்லை, சுமார் ஒன்றரை விழுக்காடு குறைந்திருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அடுத்த வருச நூல்ல அடிக்குறிப்பா போட்டுக்கலாம்மா, இப்ப எதுக்கு?" என்றார். குழு கூடப்போகிறதே என்றேன். "சரி, பிழைன்னு யார் சொன்னது? ஆதாரம்னு ஒரு இடம் இருக்கே, அதுல யாரை எழுதுவீங்க?" என்றார். உன் பெயரை எழுதினால், தம்பியை வெளியே எடுக்க அக்கா எண்ணைக் குறைக்கிறாள் என்பார்கள். எழுதாவிட்டால் திருத்தமே செல்லாது.

வீட்டில் வந்து உன் மாமாவிடம் புலம்பினேன். அவர் செருப்பைத் தைத்துக்கொண்டே, "உன் தம்பின்னு சொல்ல உனக்கு எத்தனை விழுக்காடு வெக்கம்? முதல்ல அந்தக் கணக்கை முடி"ன்னு சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கடைசியாகக் கேட்கிறேன். இந்தத் தடவை முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டே கேட்கிறேன். நீ எடுத்தாயா?

அக்கா

மே 5

அக்கா,

சாப்பிட்டேன்.

எடுக்கவில்லை. நான் வேலைபார்த்த கிடங்கிலிருந்து முப்பது தண்ணீர் பம்பு ஏற்ற வேண்டிய லாரி வந்தது. டிரைவர் எனக்கு வேண்டியவன், கூடவே டீ குடிக்கிறவன். "முப்பதுதான், கையெழுத்துப் போடுடா"ன்னு சொன்னான். எண்ணாமல் போட்டேன். லாரிக்குள்ளே எழுபது இருந்திருக்கிறது. அவன் இன்றுவரை கிடைக்கவில்லை. தாளில் என் கையெழுத்து மட்டும் இருக்கிறது. வராந்தாவில் நீ கேட்டபோது எனக்கே "இல்லை" என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. எடுக்கவும் இல்லை, ஒன்றும் செய்யாமலும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் இல்லாததால்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அதையே பதில் என்று எடுத்துக்கொண்டாய்.

இப்போது உன் கதையைப் படித்தால், தெரிந்தவன் தாள் என்று நீயும் எண்ணாமல்தான் போட்டிருக்கிறாய். நம் வீட்டு ரத்தம்.

உனக்கு ஒரு சிரமத்தைக் குறைத்திருக்கிறேன். நேற்று நானே சூப்பரிண்டெண்டிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தான் பாராட்டியது ஞாபகம் வந்திருக்கும். பிறகு ஒரு தாள் கொடுத்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதன் நகல் உன் துறைக்கு வரும். ஆதாரம் என்ற இடத்தில் எழுத உனக்கு என் பெயர் இனி எழுத்திலேயே இருக்கிறது.

கேட் வேலை போய்விட்டது. இன்றிலிருந்து துணி துவைக்கும் இடம். கை ஊறிப்போய் எழுத்து கோணலாக வருகிறது, காய்ச்சல் இல்லை, பயப்படாதே.

தம்பி

ஜூன் 6

சுருட்டை,

குழு கூடியது. நீளமான மேசை, பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர். நான் சுவரோரம் ஒரு நாற்காலியில் இருந்தேன். எங்களை மாதிரி ஆட்கள், அவர்கள் கேட்டால் மட்டும்தான் பேசலாம். தலைவர் பதினோராம் அட்டவணையை எடுத்து, "முப்பத்தெட்டு விழுக்காடு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

திருத்திய எண்களைச் சொன்னேன். குரல் கீச்சென்று வந்தது. ஒருவர், "பதிவேடு எழுதின கைதி சொல்றதை வெச்சு அரசு நூலைத் திருத்துறதா? அவன் யாரு?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார்.

"என் தம்பி" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். சொந்தக்காரனுக்காகக் கணக்கை வளைக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். ஒருவர் சிரித்தார். நான் விடவில்லை. "என்னை நம்ப வேணாம்யா. பதிவேட்டை வரவழைச்சு நீங்களே எண்ணுங்க. நானும் அவனும் இல்லாத ஒருத்தரை விட்டு எண்ணச் சொல்லுங்க. அதுல ஒரே ஆள் பத்தொன்பது தடவை வருவான்" என்றேன். மேசைக் கடைசியில் இருந்த ஒரு வயதான அம்மா, ஓய்வுபெற்ற நீதிபதியாம், "பத்தொன்பது தடவை ஏன் போனான்?" என்று கேட்டார். முதல் தடவை பிடித்து வந்தது, மீதி பதினெட்டும் வாய்தா, அதில் பதினோரு தடவை ஒன்றும் நடக்கவில்லை என்று உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். மற்றவர்களுக்கு எத்தனை தடவை நடக்கவில்லை என்று கேட்டார். தெரியவில்லை, அப்படி ஒரு அட்டவணையே எங்களிடம் இல்லை என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முடிவைச் சொல்கிறேன், அதுவும் குழப்பம்தான். ஜாமீன் சட்டத்தை மாற்றும் பேச்சு, வேறு ஆள் எண்ணி முடிக்கும்வரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது, சிறைப் பிரிவிலிருந்து மழையளவுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்குச் சொந்தக்காரர்கள் இல்லை என்று இயக்குநர் நினைக்கிறார் போல. ஆனால் ஆண்டு நூலில் ஒட்டுகிற திருத்தச் சீட்டு அச்சாகிவிட்டது. ஒரு விரல் அகலம். ஒரு பிரதியை உன் வக்கீலுக்குக் கொடுத்தாயிற்று.

வரும் சனிக்கிழமை வருகிறேன்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

சனிக்கிழமை நீ வந்தது எனக்கு முன்னாடியே கேட்டுவிட்டது. புது கேட் ரைட்டருக்குக் காது மந்தம். "உறவு?" என்று அவர் கேட்க, "அக்கா!" என்று நீ சொல்ல, "யாரு?" என்று அவர் மறுபடி கேட்க, "அக்கா! கூடப் பிறந்த அக்கா!"ன்னு நீ போட்ட சத்தத்தில் துவைக்கும் இடம்வரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்றவன், "உன்னைப் பார்க்கத்தானே?"ன்னு கேட்டான். ஆமாம் என்றேன். கொடுத்த பதினைந்து நிமிடத்தையும் என் முடியைப் பற்றியே பேசி வீணாக்கிவிட்டோம், பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை வாய்தா. வக்கீல் திருத்தச் சீட்டை நீட்டினார். நீதிபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய உத்தரவில் முப்பத்தெட்டு விழுக்காடு என்ற வரியை நீக்குவதாகச் சொன்னார். அப்படியென்றால் ஜாமீன் உண்டா என்றதற்கு, சிறையிலிருந்து அசல் பதிவேடு வர வேண்டும் என்று ஜூலை 2க்குத் தள்ளிவைத்துவிட்டார். எனக்கு ஒன்று கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று வண்டியில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னும் தெரியவில்லை.

கேட்டில் இறங்கினேன். புது ரைட்டர் சிவப்பு முதுகைத் திறந்துவைத்துக்கொண்டு முழித்தார். "உன்னை எழுதணுமா, வேணாமா?" என்று என்னையே கேட்டார். வேண்டாம், நான் பழைய ஆள் என்றேன். அவர் மூடிவிட்டார். நாலடி நடந்ததும் மனசு கேட்கவில்லை. எழுதாவிட்டால், இன்றைக்குக் காலையிலிருந்து நான் போனதும் உட்கார்ந்ததும் வந்ததும் எங்குமே இல்லை.

திரும்பிப் போய் சூப்பரிண்டெண்டிடம் ஒரு நோட்டு கேட்டேன். உன் குழுவில் அந்த அம்மா கேட்ட கேள்வியைச் சொன்னேன். யோசித்துவிட்டு, "துவைக்கிற வேலை முடிஞ்சதும் எழுது, பெரிய பதிவேட்டுப் பக்கம் மட்டும் போகாதே"ன்னு கொடுத்துவிட்டார். ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன்: தேதி, பெயர், போன நேரம், வந்த நேரம், என்ன நடந்தது. முதல் வரி நான்தான். கடிதம் படிக்கும் ஐயாவுக்கு இப்போது எண்கள்மேல் ஆசை வந்துவிட்டது. அவரே நகல் எடுத்துக் கொடுத்தார், இத்துடன் இருக்கிறது. நீ மழைப் பிரிவில் இருந்தாலும் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

பிடித்து வந்ததிலிருந்து எண்ணினால் இது என்னுடைய 27ஆவது வாய்தா. ஏழுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறேன். ஆனால் என் கையெழுத்துதானே என்று பார்த்துவிட்டு விட்டுவிடாதே, அக்கா. ஒவ்வொரு வரியாக எண்ணிப் பார். சந்தேகம் வந்தால் கடிதம் போட்டுக் கேள். கீழே உன் பெயரை முழுசாக எழுது.

தம்பி